வருமான வரியை எதிர்த்துப் பதவி இழந்த சென்னை கவர்னர்

வருமான வரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆடிட்டரும் கடைசித் தேதியும்தான். இந்த வரி இந்தியாவுக்கு வந்தபோது அதை எதிர்த்து ஒரு ஆங்கிலேய கவர்னரே பதவி இழந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் நமது சென்னையில்!

1857 கிளர்ச்சியை அடக்க ஆங்கில அரசு பெரும் பணம் செலவழித்தது. கஜானா காலியானது, கடன் ஏறியது. நிலைமையைச் சரிசெய்ய லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவர் அனுப்பப்பட்டார். 1843ல் 'தி எக்கனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர் இவரே. இந்தியாவின் முதல் நிதி உறுப்பினரான வில்சன், 1860 பிப்ரவரியில் தாக்கல் செய்த பட்ஜெட்டில் வருமான வரியை முன்மொழிந்தார். ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் குறைந்தால் வரி இல்லை. 200 முதல் 500 வரை 2 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம்.

அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் சர் சார்லஸ் டிரெவிலியன். புதிய வரி மக்களுக்கு ஒவ்வாதது, செலவைக் குறைத்தாலே போதும் என்பது அவர் வாதம். இதை ரகசியக் குறிப்பாக கல்கத்தாவுக்கு அனுப்பியிருந்தால் பிரச்சினை இருந்திருக்காது. அவரோ தன் எதிர்ப்பைப் பத்திரிகைகளில் வெளியிட்டுவிட்டார். ஒரு கவர்னரே அரசின் வரியை ஊரறிய எதிர்ப்பதா என்று லண்டன் கொதித்தது. 1860லேயே அவர் திரும்ப அழைக்கப்பட்டார்.

1860 ஜூலை 24 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. இன்றும் வருமான வரித்துறை அந்த நாளையே வருமான வரி தினமாகக் கொண்டாடுகிறது. ஆனால் வில்சன் தன் வரியின் பலனைப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே கல்கத்தாவில் நோய்வாய்ப்பட்டு இறந்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. பதவி இழந்த டிரெவிலியன் சில ஆண்டுகளில் இந்தியாவுக்குத் திரும்பினார். எந்தப் பதவிக்குத் தெரியுமா? வில்சன் வகித்த அதே நிதி உறுப்பினர் பதவிக்கு! ஐந்தாண்டுக்கென்று கொண்டுவரப்பட்ட அந்த வரி, 1865ல் அவர் காலத்திலேயே காலாவதியானது.

ஆனால் அரசுக்குப் பணத்தேவை தீரவில்லை. 1867ல் தொழில் செய்வோர் மீது லைசென்ஸ் வரி, அடுத்த ஆண்டு சர்டிபிகேட் வரி, 1869ல் மீண்டும் வருமான வரி என மாறி மாறி வந்தன. 1886 சட்டம்தான் இதை நிலைநிறுத்தியது. சம்பளம், கம்பெனி லாபம், கடன் பத்திர வட்டி, பிற வருமானம் என நான்காகப் பிரித்தது. விவசாய வருமானத்துக்கு விலக்கும் அளித்தது. பின்னர் 1922 சட்டமும் 1961 சட்டமும் வந்தன. 1961 சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி 2025ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

சட்டங்கள் மாறினாலும் 1886ன் அந்தப் பிரிவினை முறை மறையவில்லை. சம்பளம், வீட்டு வாடகை, வியாபார லாபம், வட்டி ஆகியவை இன்றும் தனித்தனித் தலைப்புகளில்தான் கணக்கிடப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கழிவுகள் வேறு. எனவே சிறு கடை நடத்துபவர் கடைப்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் ஒரே கல்லாவில் கலப்பது நல்லதல்ல. எது வியாபாரச் செலவு என்று காட்ட முடியாமல் போனால், உரிமையுள்ள கழிவும் கைநழுவிப் போகும். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, அன்றாடம் எழுதும் ஒரு நோட்டு, பத்திரப்படுத்திய பில்கள் ஆகிய மூன்றும் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

வரி மக்களுக்குச் சுமையாகக்கூடாது என்று சொன்னதற்காக ஒரு கவர்னர் தன் பதவியையே விலையாகக் கொடுத்தார். இன்று அந்தச் சுமையைக் குறைக்கச் சட்டமே பல வழிகளைத் தந்திருக்கிறது. அவற்றைத் தெரிந்துகொள்ள நாம் செலவிட வேண்டியது கொஞ்சம் நேரம் மட்டுமே.