தனுஷ்கோடியிலிருந்து வந்தோர்

யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் பங்கில் குடியேறிய தனுஷ்கோடிக் குடும்பங்களை நாம் மறத்தலாகாது. 1964 டிசம்பர் 22 இரவு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், புயலோடு கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலும் பயணிகளோடு அழிந்தது. பின்னர் அரசு அவ்வூரை மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவித்தது.

மூத்தோரிடம் நாம் விசாரித்தால் அந்த இரவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வர். வீட்டைப் பற்றியோ நெடுநேரம் பேசுவர்: வாசல் எத்திசை, நல்ல தண்ணீர் ஊற்று எப்பக்கம் என்று. பவளக்கல் ஆலயத்தின் சுவர்கள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனைச் சாலை திறந்தபின் சிலரை அழைத்துச் சென்றோம். ஒரு பாட்டியார் வண்டியைவிட்டு இறங்கவில்லை. “எங்க வீட்டு மேலே தண்ணி நிக்கும் சாமி, நான் பார்க்க மாட்டேன்” என்றார்.