டிம் பண்ணியும் கூசுகிற வெளிச்சம்

போன நவம்பரில் ஒருநாள் பின்னேரம். மணி ஐந்தரைதான். ஆனால் ஸ்காபரோவில் நவம்பர் மாதத்து ஐந்தரை என்றால் நடுச்சாமம் மாதிரி. வேலை முடிந்து பிக்கப்பின் பின்பெட்டியில் பன்னிரண்டு பெட்டி ரைல்ஸும் நாலு மூட்டை சீமெந்தும் ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். எதிரே ஒரு சின்னக் கார். இரண்டு தரம் லைற்றை அடித்துக் காட்டியது. "நான் டிம்மிலதானே வாறன், இவனுக்கு என்ன?" என்று நானும் பதிலுக்கு ஒருக்கா பிரைட்டைத் தட்டினேன். அடுத்த கணம் அந்தக் கார் நடைபாதையில் ஏறி, பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியை இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றது. அதே நடைபாதையில் அரை நிமிசத்துக்கு முன்னர்தான் ஒரு பெண் பிள்ளையை வண்டிலில் தள்ளிக்கொண்டு போயிருந்தாள்.

இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் தெருவிலேயே இருக்கிற மாஸ்டர். எழுபது வயது தாண்டியவர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர். கை நடுங்கியபடி இருந்தார். "ஒண்டும் யோசியாதையும் தம்பி. எனக்கு வயசு போச்சு. ஒரு நிமிசம் ஒண்டும் தெரியேல்ல" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துக் கதைத்திருப்பேன், சொல்லாததுதான் பிழையாகப் போய்விட்டது.

மறுநாள் இரவு மகனிடம் பிக்கப் திறப்பைக் கொடுத்து, "இதை இப்பிடியே பாரத்தோட எனக்கு எதிர ஓட்டிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டு, மனைவியின் காருக்குள் போய் இருந்தேன். அவன் திரும்பினான். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சென்றியில் ஹெட்லைற்றை நூர்த்து உள்லைற்றைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம், எதிரே முகத்துக்கு நேரே ரோர்ச் அடிக்கிறார்கள், அடிக்கிறவன் ஆர் என்று தெரியாது, அவனுடைய சப்பாத்து கூடத் தெரியாது. அதே மாதிரி. டிம்மில்தான் வந்தான் பிள்ளை.

அதன் பிறகு ஒரு மாதமாக இந்த ஹெட்லைற் விசயத்தைத்தான் தேடித் தேடி வாசித்தேன். இவ்வளவு கதை இதற்குள் இருக்கிறது என்று நினைக்கவில்லை.

ஆரம்பத்தில் கார்களுக்கு இருந்தது அசற்றிலின் விளக்கு. காபைட் கல்லில் தண்ணீர் சொட்ட வைத்தால் வருகிற வாயுவை எரிப்பது. ஊரில் வாழைக்குலையையும் மாம்பழத்தையும் களவாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே காபைட்தான். காற்றுக்கும் மழைக்கும் அணையாமல் எரியும் என்பதால் அதை விரும்பினார்கள். 1912-ல் கடிலாக் கார்களில் மின்சார ஸ்ராட்டரும் மின்விளக்கும் சேர்ந்து வந்த பிறகுதான் காபைட்டின் காலம் முடியத் தொடங்கியது. வெளிச்சம் கூடின கையோடு முறைப்பாடும் கூடியது: எதிரே வருகிறவருக்குக் கண் தெரியவில்லை! இன்றைக்கு நாங்கள் எல்.ஈ.டி.யைத் திட்டுகிறோம், நூறு வருசத்துக்கு முன்னர் எங்களைப் போன்றவர்கள் சாதாரண பல்பைத் திட்டியிருக்கிறார்கள்.

அதற்கு முதல் பதில், விளக்கைக் கீழே சாய்ப்பது. 1915-ல் அமெரிக்காவில் அப்படியான விளக்குகள் வந்தன. ஆனால் காரை நிறுத்தி, இறங்கிப் போய், கையால் சாய்க்க வேணும். எதிரே வருகிறவன் அதுவரைக்கும் காத்திருப்பானா? 1917-ல் கடிலாக் உள்ளே இருந்தபடியே ஒரு தடியால் சாய்க்கிற வழியைக் கொண்டுவந்தது. உண்மையான மாற்றம் 1924-ல் வந்த பைலக்ஸ் பல்புதான். ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழை. ஒன்று தூரத்துக்கு, மற்றது கிட்டத்துக்கு. கிட்டத்து இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு, வெளிச்சம் மேலே எழும்பாதபடி மறைக்க. இன்றைக்கும் டிம், பிரைட் என்று நாங்கள் சொல்வதன் அடி அந்தச் சின்னத் தகடுதான்.

1927-ல் காலால் மிதித்து டிம் பண்ணுகிற சுவிட்ச் வந்தது. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் ஓட்டினவர்களுக்குத் தெரியும், கிளச்சுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு குமிழ் இருக்கும். எங்கள் மாமா எதிரே மாட்டுவண்டில் வந்தாலும் அதை மிதிப்பார். "மாட்டுக்கும் கண்தானே" என்பார். வட அமெரிக்காவில் அந்தக் கால்சுவிட்சைக் கடைசிவரை வைத்திருந்தவை 1991-ம் ஆண்டின் ஃபோர்ட் எஃப் வரிசைப் பிக்கப்புகளும் ஈ வரிசை வான்களும் என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிக்கப்காரன் பழையதை லேசில் விடமாட்டான்.

பிறகு நாடுகள் இரண்டாகப் பிரிந்தன. அமெரிக்கா 1940 மொடல் கார்களில் இருந்து 'சீல்ட் பீம்' என்ற ஏழு அங்குல வட்ட விளக்கைக் கட்டாயமாக்கியது. கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை எல்லாம் ஒரே மூடிய உருண்டை. பழுதானால் முழுவதையும் கழற்றி எறி, எந்தக் கடையிலும் அதே அளவில் புதியது கிடைக்கும். ஐரோப்பா பல்பைத் தனியாக மாற்றுகிற விளக்கிலேயே நின்றது. 1962-ல் அங்கே ஹலோஜன் வந்தது. அமெரிக்காவிலோ 1984 மொடல் லிங்கன் மார்க் ஏழில்தான் முதன்முதல் பல்பு மாற்றக்கூடிய ஹெட்லைற் சட்டப்படி வந்தது. வெளிச்சத்தை விழுத்துகிற முறையிலும் வித்தியாசம். ஐரோப்பிய டிம்மில் மேல்விளிம்பு கத்தியால் வெட்டினது போல இருக்கும், அதற்கு மேலே இருட்டு. அமெரிக்கர்கள் தலைக்கு மேலே தொங்குகிற பெயர்ப்பலகைகளும் தெரிய வேணும் என்று மேலேயும் கொஞ்சம் வெளிச்சம் விட்டார்கள். எது சரி என்று இரண்டு பக்கத்துப் பொறியியலாளர்களும் பல வருசம் சண்டை பிடித்தார்கள்.

பிரான்சின் கதை வேறு. எண்பதுகளில் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்த எங்கடை ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், இரவில் றோட்டு முழுக்க மஞ்சள் லைற்றாக இருந்ததை இன்றும் சொல்வார்கள். 1936-ல் போட்ட சட்டம் அது. எதிரியின் வாகனத்தை அடையாளம் காணவென்று ஒரு கதை உலாவுகிறது. ஆனால் மஞ்சள் கண்ணைக் கூசாது என்ற நம்பிக்கைதான் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. பிற்கால ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் பிடிபடவில்லை. மஞ்சள் வடி வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தது, அதனால் கூச்சமும் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். 1993-ல் ஐரோப்பிய விதிகளோடு ஒத்துப்போக அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

வெளிச்சத்தைக் குறைப்பது ஒரு பக்கம். அடியோடு மூடினால் என்ன நடக்கும் என்பதற்கும் சரித்திரத்தில் கணக்கு இருக்கிறது. 1939 செப்டெம்பரில் பிரித்தானியாவில் இருட்டடிப்பு தொடங்கியபோது ஹெட்லைற்றுக்கு மூடி போட்டு, கீற்றுக்கீற்றாக மட்டும் வெளிச்சம் விட்டார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து செய்ததில் றோட்டில் செத்தவர் தொகை ஏறியது. 1941-ல் 9,169 பேர். அந்த நாட்டின் வீதிவிபத்துச் சாவுகளில் இன்றுவரை அதுதான் ஆகக் கூடிய வருசம். தொண்ணூறுகளில் எங்களுக்கும் அதே நிலைமைதானே. மேலே ஹெலி சுற்றும். மோட்டார்சைக்கிள் லைற்றில் கறுப்புக் கடதாசி ஒட்டி, நடுவில் காசளவு ஓட்டை விட்டு ஓடினோம். எத்தனை பேர் அந்த இருட்டில் மதகில் மோதினார்கள் என்று எங்களில் ஒருவரும் கணக்கு வைக்கவில்லை. பிறகு தமிழ்நாட்டுக்குப் போனால் அங்கே லொறிகளின் ஹெட்லைற்றில் மேற்பாதிக்குக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். "இங்கயும் ஹெலி வருமோ?" என்று நான் கேட்க, சாரதி விழுந்து விழுந்து சிரித்தார். அது எதிரே வருகிறவரின் கண்ணுக்காக!

சரி, என்னுடைய பிக்கப்புக்கு வருவோம். ஏன் டிம்மிலும் கூசுகிறது?

முதலாவது உயரம். அமெரிக்க விதிப்படி ஹெட்லைற்றை நிலத்தில் இருந்து 22 அங்குலம் முதல் 54 அங்குலம் வரை எங்கேயும் பூட்டலாம். 54 அங்குலம் என்றால் 137 சென்ரிமீற்றர். ஐரோப்பாவில் டிம் லைற்றுக்கு எல்லை 120 சென்ரிமீற்றர். சாதாரணக் காரில் இருக்கிற சாரதியின் கண், றோட்டு வடிவமைப்பாளர்களின் கணக்கில், 108 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. என்னுடைய பிக்கப்பின் லைற்றை அளந்தேன்: 109. வாங்கும்போது "உயரமா, கம்பீரமா இருக்கு" என்று சந்தோசப்பட்டது இதைத்தான்.

இரண்டாவது பாரம். பின்பெட்டியில் ரைல்ஸ் ஏறினால் பின்பக்கம் தாழும், மூக்கு எழும்பும். மூக்கு ஒரே ஒரு பாகை எழும்பினாலும் முப்பது மீற்றர் தள்ளி வெளிச்சம் 52 சென்ரிமீற்றர் மேலே போகிறது. ஐரோப்பாவில் இதற்காகவே சாரதி உள்ளே இருந்து லைற்றைத் தாழ்த்துகிற சின்னச் சில்லு கட்டாயம். பிரகாசமான செனோன் லைற் என்றால் தானாகவே தாழ வேணும். வட அமெரிக்காவில் இந்தக் கட்டாயம் இல்லை. பாரம் ஏற்றுவதற்கென்றே செய்த வாகனம், அது ஏற்றினால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இதில் இன்னும் ஆத்திரம் இருக்கிறது.

மூன்றாவது என்னுடைய பிழை. போன வருசம் ஹலோஜன் பல்பு எரிந்துபோக, அதே கூட்டுக்குள் வெள்ளை எல்.ஈ.டி. பல்பைச் செருகினேன். நல்ல வெளிச்சம், மலிவு. ஆனால் அந்தக் கூடு ஒரு மெல்லிய இழை சரியாக ஒரு இடத்தில் இருக்கும் என்று நம்பி வளைக்கப்பட்டது. அந்த இடத்தில் வேறு வடிவத்தில் வெளிச்சம் வந்தால் அது கண்டபடி சிதறும். பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பொதுவீதிக்கு அல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. எறும்புதான் வாசிக்கும்.

நான்காவது மாஸ்டரின் கண். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம் இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதோடு வில்லை கலங்க, உள்ளே வருகிற வெளிச்சம் பனிமூட்டம் மாதிரிப் பரவுகிறது. ஹொலடே என்பவர் 1926 அளவிலேயே இதை அளந்து சூத்திரம் எழுதியிருக்கிறார். நாம் பார்க்கிற திசைக்கும் கூசுகிற விளக்குக்கும் இடையிலுள்ள கோணம் பாதியானால், அந்தப் பனிமூட்டம் நாலு மடங்காகும். அதனால்தான் ஒரு பாகை, அரைப் பாகை என்பதெல்லாம் இவ்வளவு பெரிய விசயம். மாஸ்டருக்கு இதைச் சொன்னபோது, "வர்க்கத்தின் நேர்மாறு" என்று தலையாட்டினார். கணக்கு விளங்கினதில் அவருக்கு ஒரு திருப்தி.

எங்கள் மாகாணத்துச் சட்டம் எதிரே வாகனம் 150 மீற்றருக்குள் வந்தால் பிரைட்டைக் குறை, முன்னால் போகிற வாகனத்துக்கு 60 மீற்றருக்குள் போனால் குறை என்கிறது. குறைத்ததும் எங்கே அடிக்கிறது என்று சாரதியைக் கேட்பார் இல்லை. அமெரிக்காவின் காப்புறுதி நிறுவனங்கள் நடத்துகிற வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2016-ல் பதினொரு பிக்கப்புகளின் ஹெட்லைற்றைச் சோதித்தபோது 'நல்லது' என்ற பெறுபேறு எடுத்தது ஒன்றே ஒன்று. எதிரே வருகிறவரை மட்டும் மறைத்து மற்ற இடமெல்லாம் வெளிச்சம் விடுகிற புதிய லைற்றை ஐரோப்பாவில் பத்து வருசத்துக்கு மேலாக ஓட்டுகிறார்கள். கனடா 2018-ல் அனுமதித்தது, அமெரிக்கா 2022-ல். எங்களைப் போல பழைய பிக்கப் வாங்குகிறவனிடம் அது வந்து சேர இன்னும் பத்து வருசம் ஆகும்.

ஆகவே ஸ்குறூ ட்றைவர்தான் வழி. முதலில் எல்.ஈ.டி.யைக் கழற்றி ஹலோஜனைப் போட்டேன். ரயர் காற்றைச் சரிபார்த்தேன். வழக்கமாக ஏற்றுகிற அளவு பாரத்தைப் பின்பெட்டியில் வைத்து, மகனைச் சாரதி ஆசனத்தில் இருத்தினேன். வெறும் பெட்டியோடு சரிபார்த்து என்ன பிரயோசனம்? சமதரையில் சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி, லைற்றின் நடு உயரத்துக்குச் சுவரில் ரேப் ஒட்டி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்தோம். ரேப்புக்கு இரண்டு அங்குலம் கீழே விழ வேணும். எங்களுடையது ஐந்து அங்குலம் மேலே! கூட்டுக்குப் பின்னால் ஒரு பற்சில்லு ஆணி இருக்கிறது, அதைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் சுவரில் மெல்ல இறங்குகிறது. பாரம் இல்லாதபோது இன்னும் கீழே விழும், எனக்குத் தூரம் குறையும். மெதுவாக ஓட்டுகிறேன்.

இடதுபக்கம் சரியாகிவிட்டது, எதிரே வருகிறவருக்கு முதலில் படுவது அதுதான். வலதுபக்க ஆணி உப்புத் தண்ணீரில் கறள் பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாஸ்டரும் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார், சுவரில் கோணத்தைத் தான் அளப்பாராம். அதுவரை இரவில் மனைவியின் கார்தான்.