தெருப்பெயர்களில் உறங்கும் வரலாறு

1895 மே 7ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் தரையடியில் பதித்த கம்பியிலிருந்து மின்சாரம் பெற்றது. மேற்கம்பி பின்னர் வந்ததே. நட்டத்தால் 1953 ஏப்ரல் 12ஆம் நாளோடு டிராம் நின்றது. தண்டவாளங்கள் மறைந்தன. டிராம் ஓடிய மவுண்ட் ரோடு பின்னாளில் அண்ணா சாலையாயிற்று. எனினும் பழம்பெயர் மக்கள் நாவில் இன்றும் வாழ்கிறது. வணிகர் தாமஸ் பாரியின் பெயர் தாங்கிய பாரிமுனையோ மாறவேயில்லை.

டிராம் காணாத நம் திருச்சிராப்பள்ளியிலும் இத்தகைய சான்று உண்டு. கோட்டைமதிலை இடித்து, அகழியைத் தூர்த்து அமைத்த சாலைகளை ஆங்கிலேயர் 'பூல்வார்ட்' என்றனர். அதுவே நம்மவர் வாயில் மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு எனத் திரிந்தது. அப்பிரெஞ்சுச் சொல்லின் மூலப்பொருளே கொத்தளம் என்பதுதான்! புலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மதில் போயிற்று, மெயின்கார்டு கேட் எஞ்சியது, மதிலின் நினைவைப் பெயர் சுமக்கிறது.

பெயர் மாற்றுவது தவறன்று. பழம்பெயரைப் பதியாது விடுவதே இழப்பு. துவாக்குடித் தெருக்களின் பழம்பெயர்களை முதியோரிடம் கேட்டெழுதுவது, பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் அடுத்த பணியாகட்டும்.