மருந்துப் பெட்டியும் இசைக்கடலும்: ஆபிரகாம் பண்டிதரின் கலைவாழ்வு

ஒரு கலைஞன் எதைப் படைத்தான் என்று ஆராயும் நாம், அவன் எதை விற்று அதைப் படைத்தான் என்று கேட்பதில்லை. மன்னர், ஜமீன்தார், மடம் என்னும் மூன்று நிழல்களில் தமிழ்ப் புலமை நெடுங்காலம் தங்கியிருந்ததை அறிவோம். தமிழ்க் கிறித்தவப் படைப்பாளிகளும் அவ்வழியில் வந்தவர்களே. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியாருக்குத் (1774–1864) தஞ்சை சரபோஜி மன்னரின் ஆதரவு இருந்தது. 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு (1827–1900) ஆசிரியப்பணி ஊதியம் அளித்தது. இவர்களுக்குப் பின் வந்த ஒருவர், தம் கலைக்கு வேண்டிய பொருளைத் தம் கடையிலேயே ஈட்டிக்கொண்டார். அவர்தாம் தஞ்சை மு. ஆபிரகாம் பண்டிதர். தொழிலையும் எழுத்தையும் ஒரே தோளில் சுமக்கும் திருப்பூர்க்காரர்களாகிய நாம் அவரை அறிந்துகொள்வது நலம்.

இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் 1859 ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்திலேயே பிடில் வாசிக்கவும் கற்றார். சித்த மருத்துவத்தில் நாட்டம் கொண்டு மூலிகை தேடிச் சென்றவர், சுருளிமலையில் கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு அவரிடம் மருந்து முறைகளைப் பெற்றார். பின்னர்த் தஞ்சைக்கு வந்து, அவரும் துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியர்களாகப் பணியாற்றினர். 1890-ஆம் ஆண்டளவில் அவ்வேலையை விடுத்து முழுநேர மருத்துவரானார். அவருடைய கோரோசனை மாத்திரை கடல் கடந்தும் விற்பனையாயிற்று. நகருக்கு வெளியே பண்ணை ஒன்று அமைத்துப் பயிர்த்தொழிலும் செய்தார். அப்பண்ணைக்குக் கருணானந்தபுரம் எனப் பெயரிட்டார்.

இப்பெயரை நாம் கருதிப் பார்க்க வேண்டும். ஞாயிறுதோறும் திருச்சபையில் வழிபடும் ஒரு கிறித்தவர், தமக்கு மருந்தறிவு தந்த மலைத்துறவியின் பெயரைத் தம் நிலத்திற்குச் சூட்டினார். அவர் இயற்றிய நூல்களின் பெயரிலும் அக்கருணையே ஒலிக்கிறது. நன்றி செலுத்துவதற்கு அவருடைய சமயம் தடையாய் நிற்கவில்லை. நன்றியே அவர் சமயத்தின் ஒரு பகுதியாக இருந்தது எனலாம்.

தாம் இயற்றிய கிறித்தவக் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என 1907-இல் வெளியிட்டார். ஒரு பக்தருக்கு அது போதுமானது. பாடல்கள் பிறந்துவிட்டன, சபையார் பாடுவார்கள், பணி முடிந்தது என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் தாம் எழுதிய சுரங்களின் அளவு எது என்னும் ஐயம் அவரை விடவில்லை. ஒரு ஸ்தாயியில் இருபத்திரண்டு சுருதிகள் என்பது பரதர் முதலானோர் மரபு. அவற்றை எப்படி அளப்பது என்பதிலோ நூலுக்கு நூல் கணக்கு வேறுபட்டது.

ஐயத்தின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்வோம். சட்சமத்திலிருந்து பஞ்சமம், அதிலிருந்து அதன் பஞ்சமம் என்று இயற்கை அளவில் பன்னிரண்டு முறை ஏறினால், புறப்பட்ட சட்சமத்திற்கே மீள வேண்டும். ஆனால் கணக்கிட்டால் சிறிதளவு மிஞ்சிப் போகிறது. வட்டம் மூடுவதில்லை. பண்டிதர் இக்குறையைப் பொறுக்கவில்லை. 1892-இல் உ.வே. சாமிநாதையர் உரையுடன் பதிப்பித்த சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டார். ஆய்ச்சியர் குரவைப் பகுதியிலும் அதன் உரையிலும் பன்னிரண்டு இராசிகளில் சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலை முறையைக் கண்டார். ஸ்தாயி பன்னிரண்டு சம பாகங்களாகவும், அவை ஒவ்வொன்றும் இரண்டாகி இருபத்துநான்கு சுருதிகளாகவும் நிற்கின்றன என்பது அவர் கண்ட முடிபு. சமணத்துறவியின் பெயரால் வழங்கும் காப்பியம் ஒரு கிறித்தவர் கையில் இசையிலக்கணச் சான்றாயிற்று.

முடிபைத் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் 1912-இல் ‘சங்கீத வித்தியா மகாஜன சங்கம்’ என்னும் அமைப்பைத் தஞ்சையில் நிறுவி, வித்துவான்களை அழைத்து மாநாடுகள் நடத்தினார். ஒப்பாதவர்களும் வந்து வாதிட்டனர். செலவு முழுவதும் அவருடையது. அக்காலச் சூழலையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பண்டிதர் நாடார் குலத்தில் பிறந்தவர். கமுதிக் கோயிலில் நாடார்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 1908-இல். நான்கே ஆண்டுகளில் அக்குலத்தவர் ஒருவர், அதிலும் வேற்றுச் சமயத்தவர், சங்கீதத்தின் தலைநகரிலேயே வித்துவான்களை விருந்தினராக ஏற்று, சமமாய் அமர்ந்து, சாத்திரம் பேசினார். இதை அவர் முழக்கமாகச் செய்யவில்லை, வேலையாகவே செய்தார்.

1916-இல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய சங்கீத மாநாட்டில் அவர் தம் கருத்தை எடுத்துரைத்தபோது, மகள்கள் மரகதவல்லியும் கனகவல்லியும் இசைத்துக் காட்டினர். பெண்மக்கள் அவையேறிப் பாடுவதைக் குடும்பங்கள் இழுக்காகக் கருதிய காலம் அது. 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரத்திற்கும் மிகுந்த பக்கங்களுடன் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1919 ஆகஸ்டு 31-இல், பண்டிதர் மறைந்தார்.

அவர் சொன்ன அனைத்தும் இன்றும் நிலைத்திருப்பதாகக் கூறுதல் வரலாற்றுக்கு இழுக்கு. கடல்கொண்ட தென்னாட்டையும் விவிலியத்தின் பெருவெள்ளத்தையும் இணைத்து அவர் எழுதிய பகுதியை நிலவியல் ஏற்கவில்லை. பாடகரின் குரல் சம பாகங்களில் நிற்பதில்லை, கமகத்தில் அசைகிறது என்று மறுப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். ஆயினும் தமிழிசையின் வேரைச் சிலம்பில் தேடும் ஆய்வுக்கு அவரே பெருவாயில் திறந்தார். விபுலாநந்த அடிகளின் ‘யாழ்நூல்’ 1947-இல் வெளிவந்ததும் அவ்வழியில்தான்.

அவருடைய விசுவாசம் எங்கே இருந்தது? இயேசுவின் பெயர் வரும் கீர்த்தனைகளில் மட்டும் அதைத் தேடுவோர் பாதியையே காண்பர். சபையில் பாடிய பாடலின் சுரம் சரியா என்று பல்லாண்டுகள் கணக்கிட்டதிலும் அது இருந்தது. இறைவனுக்குப் படைப்பது பிழையற்றதாய் இருத்தல் வேண்டும் என்று எண்ணியவர், அப்பிழையைத் தேடப் பிற சமயத்தார் நூலையும் பிற சமயத்தார் செவியையும் நாடினார். மறுப்பவருக்கும் தம் செலவில் சோறிட்டார். உழைத்து ஈட்டியதை இசையில் இட்டபோது, கடைக்கணக்கும் காணிக்கைக் கணக்கும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

இது எல்லாச் சமயத்தாருக்கும், சமயம் வேண்டாதாருக்கும் பொருந்தும் செய்தி. நம் வட்டத்தில் கட்டிங் மேசையில் நிற்பவரும், செக்கிங் பார்ப்பவரும், ஒன்றரை ஷிப்டு முடித்துக் கூட்டத்திற்கு வருபவரும் உள்ளனர். பிழைப்பு வேறு, கவிதை வேறு, பிழைப்பைத் தாண்டினால்தான் கவிதை என்னும் ஏக்கம் நம்மிடையே அடிக்கடி பேசப்படுகிறது. பின்னல் இயந்திரத்தில் ஓர் ஊசி பழுதானால் துணி நெடுகக் கோடு விழும் என்பதை அறிந்த கண்ணுக்கு, ஒரு சீர் பிசகினாலும் தெரிய வேண்டும். தொழில் கற்பிக்கும் அந்தக் கண்டிப்பைக் கவிதைக்குள் கொண்டுவருதலே பண்டிதர் வழி.

பத்தாண்டுகளில் நாம் பலரைப் பாராட்டியுள்ளோம். இனி வரும் ஆண்டுகளில் ஒருவர் கவிதையை மற்றவர் அஞ்சாமல் மறுக்கவும், மறுத்தவரோடு அமர்ந்து உண்ணவும் பழகுவோமாயின், 1912-இல் தஞ்சையில் கூடிய அவைக்கு நாமும் உறவினராவோம்.