ஆறு பைட்டுக்குள் எட்டு அண்டங்கள்: 'எலீட்' என்னும் கணினி விளையாட்டு

இலக்கிய ஏட்டில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 'எலீட்' 1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கணினிக்காக வெளிவந்த விண்வெளி விளையாட்டு. டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இதை எழுதினார்கள். இருவருக்கும் அப்போது வயது இருபதை ஒட்டித்தான். இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் முப்பரிமாணக் கோட்டுருவங்களை வியப்பதோடு நின்றுவிடுவார்கள். அவை வியக்கத் தக்கவையே. ஆனால் என்னை இந்த விளையாட்டில் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள சொற்கள்.

முதலில் இடநெருக்கடியைச் சொல்ல வேண்டும். பிபிசி மைக்ரோவின் பி மாதிரியில் இருந்த நினைவகம் 32 கிலோபைட். இன்று மின்னஞ்சலில் வந்து விழும் சிறு படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. அதிலும் திரைக்குச் சுமார் 8 கிலோபைட் போய்விடும். கணினியின் சொந்தத் தேவைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. மிஞ்சியதில்தான் கப்பல்கள், சண்டை, வணிகம், போலீஸ், கடற்கொள்ளையரைப் போன்ற விண்கொள்ளையர் எல்லாம் குடியிருக்க வேண்டும். திரையின் மேற்பகுதி நுட்பமான கறுப்பு வெள்ளை, கீழ்ப்பகுதி வண்ணத்தில் கருவிப் பலகை. ஒரே திரையில் இரண்டு முறைகள் இருக்க அந்தக் கணினியில் வழியில்லை. திரை வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு முறையும் சரியான நொடித்துகளில் முறையை மாற்றி இதைச் சாதித்தார்கள்.

தோர்ன் இ.எம்.ஐ. நிறுவனத்திடம் இதைக் கொண்டுபோனபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தக் கால விளையாட்டு என்றால் மூன்று உயிர்கள், ஏறிக்கொண்டே போகும் புள்ளிகள், பத்து நிமிடத்தில் முடிவு. எலீட்டில் புள்ளிகளும் இல்லை, முடிவும் இல்லை. கேம்பிரிட்ஜிலேயே இருந்த, பிபிசி மைக்ரோவைத் தயாரித்த ஏக்கோர்ன் நிறுவனத்தின் மென்பொருள் கிளையான ஏக்கோர்ன்சாஃப்ட் இதை ஏற்று வெளியிட்டது.

ஆட்டம் எளிமையாகத் தொடங்குகிறது. லேவ் என்ற கோளின் விண்வெளி நிலையத்தில் 100 கிரெடிட் பணத்தோடும் கோப்ரா என்ற கப்பலோடும் நிற்கிறீர்கள். லேவ் விவசாய பூமி. அங்கே உணவுப்பொருள் மலிவு. அதை வாங்கிக்கொண்டு லீஸ்டிக்கோ சயோன்ஸுக்கோ பாய்ந்தால், அவை தொழிற்சாலைக் கோள்கள், நல்ல விலை கிடைக்கும். திரும்பும்போது கணினிகளை ஏற்றி வரலாம். ஒரே பாய்ச்சலில் ஏழு ஒளியாண்டு தூரம்தான் போக முடியும். வழியில் கொள்ளையரைச் சுட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சுழலும் நிலையத்தின் சிறு வாசலுக்குள், அதன் சுழற்சிக்கு ஏற்ப நம் கப்பலையும் சுழற்றி நுழைய வேண்டும். முதல் மாலையில் நான் நிலையத்தின் சுவரில் மோதிச் செத்ததற்குக் கணக்கில்லை. 1985இல் வந்த கொமடோர் 64 வடிவத்தில், கப்பல் தானே நுழையும் கருவியை வாங்கிப் பொருத்தினால் ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' இசை ஒலிக்கும். குப்ரிக்கின் '2001' படத்தைப் பார்த்தவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

கப்பல்களின் பெயர்கள் பெரும்பாலும் பாம்புகள். கோப்ரா, வைப்பர், பைதன், மாம்பா, கிரெய்ட். நல்லபாம்பில் ஏறிச் சென்று கட்டுவிரியனைச் சுடுகிறோம் என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் வேறு சுவை. (கிரெய்ட் என்ற ஆங்கிலச் சொல்லே இந்தியிலிருந்து போனதுதான்.)

இனி அந்த அண்டங்களுக்கு வருவோம். எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், ஆக 2048 கோள்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், இருப்பிடம், அரசு முறை, பொருளாதாரம், மக்கள் தொகை உண்டு. இவ்வளவையும் பட்டியலிட்டுச் சேமிக்க இடம் கிடையாது. எனவே பட்டியலே போடவில்லை. மூன்று எண்கள் மட்டும் சேமிக்கப்பட்டன. ஓர் எண்ணுக்கு இரண்டு பைட், ஆக ஆறு பைட். மூன்றையும் கூட்டினால் நான்காவது எண். கடைசி மூன்றைக் கூட்டினால் ஐந்தாவது. கூட்டுத்தொகை இரண்டு பைட்டைத் தாண்டினால் மிஞ்சியதை விட்டுவிட வேண்டியதுதான். ஃபிபனாச்சி வரிசையின் உறவுக்கார வரிசை இது. அந்த வரிசையை ஐரோப்பியருக்கு முன்பே விரகாங்கர், ஹேமசந்திரர் போன்ற நம் யாப்பிலக்கணக்காரர்கள் செய்யுள் அளவுகளை எண்ணும்போது கண்டிருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இப்படி உருண்டுவரும் எண்களிலிருந்தே கோளின் எல்லாத் தகவல்களும் பிழிந்தெடுக்கப்படுகின்றன. பெயரும் அப்படித்தான். சுமார் முப்பது எழுத்து இணைகள் நிரலுக்குள் இருக்கின்றன; எண் எந்த இணைகளைச் சுட்டுகிறதோ அவை ஒட்டிக்கொண்டு பெயராகின்றன. லா, வே சேர்ந்து லாவே என்று எழுதப்பட்டு லேவ் ஆகிறது. டி, சோ சேர்ந்து டிசோ. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து தேவைப்படும் அசை நமக்கு ஓர் உயிர்மெய் என்பதால், தமிழ் வாசகருக்கு இந்தச் சூத்திரம் சட்டென்று விளங்கும். விளையாட்டின் மற்ற வாசகங்களைச் சுருக்கி வைக்கவும் இதே இணைகளைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஓர் அண்டத்திலிருந்து அடுத்ததற்குப் போவது இன்னும் அழகு. ஆறு பைட்டில் ஒவ்வொன்றின் இலக்கங்களும் ஓரிடம் நகர்ந்து சுழல்கின்றன. ஒரு பைட்டுக்கு எட்டு இலக்கங்கள் என்பதால் எட்டாவது சுழற்சியில் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால்தான் எட்டு அண்டங்கள்.

இது சீட்டுக் குலுக்கல் அல்ல. எத்தனை முறை கூட்டினாலும் அதே எண், அதே கோள். லீட்ஸில் ஆடும் சிறுவனுக்கும் லண்டனில் ஆடும் சிறுமிக்கும் லேவ் ஒன்றுதான். யாரும் எழுதவில்லை, ஆனால் எல்லோருக்கும் பொதுவான நிலவரைபடம்.

அப்படியானால் ஆசிரியருக்கு என்ன வேலை? படித்துப் பார்ப்பதும் தள்ளுவதும். ஆறு பைட்டில் 2-இன் 48ஆம் அடுக்கு அளவுக்கு, அதாவது 281 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட அண்டங்கள் சாத்தியம். அத்தனையையும் தர முதலில் அவர்கள் எண்ணியிருந்தார்கள். அவ்வளவு பெரிய எண் கோள்களின் ஒருமாதிரித்தன்மையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஏக்கோர்ன்சாஃப்ட் தடுத்தது. நல்ல பதிப்பாசிரியர் செய்யும் வேலை அது. பிறகு இருவரும் தொடக்க எண்களை மாற்றி மாற்றி, பிறந்த அண்டங்களை வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஓர் அண்டத்தில் ஒரு கோளுக்கு ஆங்கிலத்தில் பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லே பெயராக விழுந்துவிட, அந்த அண்டம் முழுவதையும் தூக்கிப்போட்டார்கள். பிரான்சிஸ் ஸ்பஃபர்ட் 2003இல் எழுதிய 'பேக்ரூம் பாய்ஸ்' நூலில் எலீட் உருவான கதைக்கு ஓர் அத்தியாயமே உண்டு.

டிஸ்க் வடிவத்தில் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு வரி வர்ணனையும் சேர்ந்தது. லேவ் மழைக்காடுகளுக்கும் ஒரு மரப்புழுவுக்கும் பேர்போனது. லீஸ்டியில் எடையற்ற வெளியில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இவையும் எண்ணிலிருந்து பிறந்த வாக்கியங்களே. உயிரினங்களின் பட்டியலில் யாக் எருமை, நத்தை ஆகியவற்றோடு கவிஞர்களையும் கலைப் பட்டதாரிகளையும் சேர்த்துவைத்தது அவர்களுடைய குறும்பு. அதனால் உண்ணத்தகுந்த கவிஞர்கள் வாழும் கோள்கள் அங்கே உண்டு. நம் இலக்கியக் கூட்டங்கள் சிலவற்றுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் நான் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் சிரிப்போடு முடிகிற காரியமல்ல. சந்தைத் திரையில் பதினேழு சரக்குகள். உணவு, துணி, கதிரியக்கப் பொருள் என்று போகும் பட்டியலில் நான்காவது வரி அடிமைகள். படமில்லை, விளக்கமில்லை. பெயர், அளவு, விலை, கையிருப்பு மட்டும். அளவு டன் கணக்கில். மனிதர்களை டன்னில் நிறுக்கும் அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தோர் நம்மிடையே பலர். வாங்கினால் நல்ல லாபம்; பிடிபட்டால் போலீஸ் சுடும். சரி தவறு பற்றி விளையாட்டு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அந்த மௌனம் ஆசிரியர்கள் திட்டமிட்டதா, இடமில்லாததால் வந்ததா, எப்படியானாலும் அது வேலை செய்கிறது.

பெட்டிக்குள் ஒரு குறுநாவலையும் வைத்துக் கொடுத்தார்கள். 'தி டார்க் வீல்'. எழுதியவர் ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக். அவருடைய புகழ்பெற்ற 'மிதாகோ வுட்' நாவலும் அதே 1984இல்தான் வெளிவந்தது. குறுநாவலில் ராக்ஸ்லா என்ற மர்மக் கோள் பற்றிப் பேச்சு வருகிறது. கையேட்டிலோ, தலைமுறை தலைமுறையாக மிதந்துசெல்லும் பழங்காலக் கப்பல்கள் குறிப்பிடப்படுகின்றன. இரண்டும் நிரலில் இல்லை. ஆனாலும் கப்பல்களைத் தேடி அலைந்தவர்கள் ஏராளம். அச்சிட்ட நாலு வரி, 32 கிலோபைட்டின் சுவரை உடைத்துவிட்டது.

தொடர்ச்சிகள் பற்றி நீட்டப் போவதில்லை. 1993இல் 'ஃப்ரன்டியர்' வந்தது. 2014இல் பிரேபனின் நிறுவனம் வெளியிட்ட 'எலீட் டேஞ்சரஸ்' நாற்பதாயிரம் கோடி நட்சத்திரங்கள் கொண்டது என்றார்கள். கண்ணுக்கு விருந்து, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு கோளின் பெயரும் என் நினைவில் தங்கவில்லை. அவ்வளவையும் யாரும் வாசித்துத் தேர்ந்திருக்க முடியாது அல்லவா?

இயன் பெல் பழைய மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி பின்னர் வெளியிட்டார். மார்க் மாக்ஸன் என்பவர் அதற்கு வரிவரியாக உரை எழுதியிருக்கிறார். பரிமேலழகர் மரபில் வந்த நமக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். தொடக்க எண்கள் 23114, 584, 46931. மூன்றையும் கூட்டி, 65536ஐக் கழித்தால் 5093. இப்படி நான்கு முறை கூட்டினால் ஒரு கோள் நகரும். ஒரு ஞாயிறு மதியம் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்த்தேன். டிபெடியட், க்யூப், லெலீர், பியார்ஜ், செக்வெரின், டிராவோர், ரபெடிரா. எட்டாவதாக லேவ் வந்தது.