அடிக்கு முன்னால் வரும் சொல்

தொண்ணூறுகளின் கடைசியில் என் அப்பா காட்டாங்குளத்தூரில் கேபிள் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். டிவியில் அமெரிக்க மல்யுத்தம் ஓடும் நேரத்தில் படம் போய்விட்டால் போதும், தெருப் பையன்கள் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பாடப்புத்தகத்தைத் தாண்டி அவர்களுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் ராக் ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு சொல்லும் வரியையும், ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துச் சொல்லும் வரியையும் ஏற்ற இறக்கம் பிசகாமல் சொல்வார்கள். மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டில் உயரம், எடை, மார்பளவு எல்லாம் அச்சடித்திருக்கும். யாருடைய வரி எது என்பது மட்டும் அதில் இருக்காது. அதை அச்சடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

'எல்லாம் பேசிவைத்து அடித்துக்கொள்கிறார்கள்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அது உண்மைதான். யார் ஜெயிப்பது என்பது மேடையேறும் முன்பே முடிவாகிவிடும். அப்படியும் ஜனங்கள் ஏன் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? அடிக்கு முன்னால் ஒருவன் சொல்லிவிட்ட சொல்லுக்காகத்தான் என்பேன் நான். ஆஸ்டினின் கதையே இதற்குப் போதும்.

1995-ல், காயம்பட்டுக் கிடந்த ஆஸ்டினை டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. இ.சி.டபிள்யூ. என்ற சிறிய நிறுவனத்தை நடத்திய பால் ஹேமன் அவரைக் கூப்பிட்டார். சண்டை போடும் நிலையில் உடம்பு இல்லை, அதனால் மைக்கைக் கொடுத்துப் பேசவிட்டார். நெஞ்சில் கிடந்த கோபம் முழுக்கப் பேச்சாக வந்தது. அடுத்து டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனால், அங்கே 'ரிங்மாஸ்டர்' என்று பெயர் வைத்து, அவருக்குப் பதிலாகப் பேச டெட் டிபியாசியை மேலாளராகப் போட்டார்கள். பேசத் தெரிந்தவனின் வாயைக் கட்டிவிட்டார்கள்.

1996 ஜூன் 23, மில்வாக்கி நகரில் 'கிங் ஆஃப் தி ரிங்' போட்டி. அரையிறுதியில் உதடு கிழிந்து, மருத்துவமனைக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு திரும்பினார். இறுதியில் எதிராளி ஜேக் ராபர்ட்ஸ், அப்போது பைபிள் வசனம் பேசுகிற பாத்திரத்தில் வந்துகொண்டிருந்தவர். ராபர்ட்ஸ் என்ன பேசினார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட ஆஸ்டின், அவரை வீழ்த்தியதும் யோவான் 3:16 என்ற வசன எண்ணைப் பிடித்து, யோவான் இருந்த இடத்தில் தன் பெயரை வைத்தார். 'ஆஸ்டின் 3:16' பிறந்தது. யாரும் எழுதிக்கொடுத்த வரி அல்ல. ரசிகர்கள் அதை அட்டையில் எழுதித் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை எழுத்தாக அது உலகம் முழுவதும் விற்றது.

ராக் வேறு மாதிரி. 'மில்லியன்ஸ்' என்று சொல்லி நிறுத்துவார், மிச்சத்தை அரங்கம் முழங்கும். நல்ல வரியில் பாதி கூட்டத்துக்கு உரியது என்று தெரிந்தவர். அவர் வாயில் புழங்கிய 'ஸ்மாக்டவுன்' 1999-ல் ஒரு மல்யுத்த நிகழ்ச்சியின் பெயரானது, 2007-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்குள்ளும் போனது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. தெருக்கூத்தில் ராஜா வேஷம் நேராகச் சபைக்கு வராது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று பாடி, கட்டியக்காரன் 'யார்' என்று கேட்க, தன் பேரையும் பெருமையையும் முழங்கிய பிறகுதான் வேஷக்காரர் முழுதாகக் காட்சி தருவார். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் சபதம் ஓர் இரவில் நடக்கும். துரியோதனனின் தொடையைப் பிளப்பேன் என்கிறான் பீமன். அதுவரை கூந்தலை முடியமாட்டேன் என்கிறாள் திரௌபதி. கணக்குத் தீரப் பல நாள் ஆகும். கடைசியில் படுகளம். மண்ணால் செய்து திடலில் கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனனின் தொடையில் பீம வேஷக்காரர் ஓங்கி அடிக்கிறார், அம்மன் கூந்தல் முடிகிறாள். துரியோதனன் தப்பிப்பானா என்ற சந்தேகத்தோடு யாரும் அங்கே வருவதில்லை. சொன்ன சொல் நிறைவேறுவதைக் கண்ணால் பார்க்க வருகிறார்கள். படுகளம் பார்த்த ஊருக்கு, மாதக்கணக்கில் சவால் விட்டு, ரெஸில்மேனியா என்ற பெரிய மல்யுத்த நிகழ்ச்சியில் தீர்த்துக்கொள்ளும் பகையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கும் முந்தைய தடயம் கல்லில் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்தில் ஏழாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. கந்தசேனன் என்பவன் அதைக் குடைவித்தான். அங்குள்ள கல்வெட்டில் தன் பேரைச் சொல்வதற்கு முன் அவன் மகேந்திரவர்மப் பல்லவனை பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று பட்டம் பட்டமாக அடுக்குகிறான். பிளக்க முடியாத இடி, பகைவருக்கு மல்லன்! வடக்கே பல்லாவரம் குடைவரையிலும் அந்த அரசனின் பட்டங்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவன் மகன் நரசிம்மவர்மன்தான் மாமல்லன். பல்லவரின் பட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மல்யுத்த அறிவிப்பாளரின் குரல்தான் காதில் விழுகிறது. புறநானூற்றின் 80-ஆம் பாட்டோ ஒரு நிஜ மற்போரையே பாடுகிறது. ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடினார். புலவர் பாடியதால்தான் அந்த மல்லனும் நமக்குத் தெரிகிறான்.

தமிழ் சினிமாவிலும் இப்படி ஊர் வாயில் நிற்கும் வரி முதலில் வில்லனுக்குத்தான் வாய்த்தது. 1958-ல் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பி.எஸ்.வீரப்பா சொன்ன 'சபாஷ், சரியான போட்டி!' இன்றும் டீக்கடைப் பேச்சில் வருகிறது. 1977-ல் '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்த் நடித்த பரட்டையும் கெட்டவன்தான். ஆனால் 'இது எப்படி இருக்கு' என்பதை ஊரே சொல்லத் தொடங்கியபின் அவரை வில்லனாக எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? 1995-ல் 'பாட்ஷா' வந்தபோது வரி முழுக்க நாயகனுடைய சொத்தாகிவிட்டது.

ஆஸ்டினுக்கும் அதே கதைதான். மில்வாக்கியில் அவர் வில்லன், கூட்டம் வெறுக்க வேண்டிய ஆள். ஆனால் வரியை எடுத்துக்கொண்ட கூட்டம் ஆளையும் எடுத்துக்கொண்டது. 1997 மார்ச் 23, சிகாகோ அருகே ரெஸில்மேனியா 13. எதிராளி பிரெட் ஹார்ட்டின் பிடியில் நெற்றி ரத்தம் முகமெல்லாம் வழிய, தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே ஆஸ்டின் மயங்கிப்போனார். ஆட்டத்தில் தோற்றவர் அவர். அரங்கம் முழங்கியதும் அவர் பெயரைத்தான்.