மண்டபம் முகாம்: மூன்று வருகைகள்

மண்டபம் முகாமை 1983க்குப் பின் நம்மவர் தஞ்சமடைந்த இடமாகவே பலர் அறிவோம். அதன் வரலாறு அதற்கும் பழையது.

பிரித்தானியர் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளரைத் தடுத்து வைத்துச் சோதித்த முகாம் அது. அம்மை, வாந்திபேதி தீவுக்குள் வராமல் காப்பதே நோக்கம். ஆட்களின் நலம் அடுத்ததுதான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், அத்தொழிலாளரின் வழிவந்தோர் பலர் அதே மண்டபத்தின் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். மூன்றாவதாக வந்தவர்கள் யுத்த அகதிகள். வன்னியில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்களும் அவர்களுள் இருந்தன.

1984இல் எஸ். சி. சந்திரகாசன் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் அகதிகளே தொண்டர்கள். முகாம் இளைஞர்கள் ஆசிரியராயும் சுகாதாரத் தொண்டராயும் பயிற்சி பெற்றனர். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைப் பதிவதற்கும் கழகம் துணைநின்றது. பிற்காலத்தில் இலங்கைக் குடியுரிமை கோர அந்தக் கடதாசியே ஆதாரமாயிற்று.

அன்பான பழைய மாணவியரே, ரொறொன்ரோ, லண்டன், சிட்னி என நாம் வாழும் நகரங்களுக்கு இன்றும் புதியவர்கள் வருகிறார்கள். அவர்கள் நம் மொழி பேசாதவராயும் இருக்கலாம். ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கவும் வைத்தியரிடம் கூட்டிச் செல்லவும் நம்மால் முடியும்.